அழுத்தமானியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

கிழக்கு மதிலுக்கு அப்பால் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழத் தொடங்கிய பிறகு, காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது ஒரு தகரக் கொட்டகையைத்தான். தொண்டாமுத்தூர்ச் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கட்டுமானப் பொருள்களை வைத்துப் பூட்டுவதற்காக அமைத்த அந்தக் கொட்டகையை, மனையில் எத்தனையோ இடம் இருக்க, எங்கள் மதிலை ஒட்டியே அமைத்தார்கள். எங்கள் மதிலே ஒரு பக்கச் சுவராக நின்றுவிட்டால் ஒரு வரிசைத் தகரம் மிச்சமாகும் என்று எண்ணியிருப்பார்கள். கூரைத் தகரத்துக்கும் மதிலுக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். முக்காலியில் ஏறி நின்று அதன் வழியே ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வண்ணப்பூச்சு வாளிகள், அவற்றைக் கரைப்பதற்கான தின்னர் கேன்கள், தெர்மக்கோல் அட்டைகள், ஒட்டுப்பலகைகள், ஒரு மூலையில் மலைபோல் குவிந்த வெற்றுச் சாக்குகள். எரிவதற்கென்றே ஒருவர் தேர்ந்தெடுத்து அடுக்கியிருந்தாலும் இத்தனை பொருத்தமாக அடுக்கியிருக்க முடியாது.

மதிலுக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்து உண்டு. அந்தச் சந்தின் மேல்தான் படுக்கையறைச் சன்னல் திறக்கிறது. சன்னலை ஒட்டி என் மனைவியின் கட்டில்.

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து அவள் வீடு திரும்பிய காலம் அது. படுக்கையிலிருந்து எழுந்து, கால்களைத் தொங்கவிட்டு, நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, கூடத்தைக் கடந்து வாசலை அடைய அவளுக்கு ஆகும் நேரத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். அப்பால் இருக்கும் கொட்டகை தீப்பற்றினால், பால் பொங்கும் நேரத்துக்குள் நான் அவளை வெளியே கொண்டுவர முடியுமா? அந்த மழைக்காலம் முழுவதும் என் மனத்தில் வேறு கேள்வி இருந்ததாக நினைவில்லை.

கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிடலாம் என்றேன். அவள் இசையவில்லை.

"அங்க படுத்துட்டு டிவியவும் உங்களையுமே பார்த்துட்டு இருக்கறதுங்களா? இங்கன்னா நாலு சனத்தப் பாக்கறேன். செங்கல் சொமக்கற பொம்பளைக ரெண்டு வார்த்த பேசறாங்க. கட்டில் இங்கதான் இருக்கும்."

கட்டில் அங்கேயே இருந்தது. ஆகவே கொட்டகையைப் பற்றி நான்தான் ஏதேனும் செய்ய வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான்; விடைத்தாள் திருத்தியே கண்ணைத் தேய்த்துக்கொண்டவன். இரண்டு தாள்களில் ஒரே பிழை ஒரே இடத்தில் தோன்றினால் என் பேனா தானே நின்றுவிடும். ஓய்வுபெற்ற பின்னும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. காய்கறிக் கடைக்காரர் சிரித்தாலும் தராசைப் பார்ப்பேன்.

கட்டுமானத்தின் மேற்பார்வையாளர் பல்லடத்துப் பக்கத்துக்காரர், நடுவயதினர். வெள்ளைச் சட்டையில் சிமெண்டுக் கறை படாமல் நாள் முழுவதும் நிற்கும் வித்தை தெரிந்தவர். முதன்முறை நான் அங்கே சென்றபோது, தொலைவிலிருந்தே கைகூப்பிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க ஐயா, இந்த வெயில்ல நீங்க எதுக்குங்க வந்தீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே ஓடியாந்திருப்பேனுங்களே."

"கொட்டகைக்குள் தின்னர் வைத்திருக்கிறீர்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது?"

"சிலிண்டருங்களா? இருக்குதுங்க ஐயா. எல்லாம் பக்காவா இருக்குதுங்க. வாங்க, காட்டறேனுங்க."

மனையின் முகப்பு வாயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிள்ளையார் படம் மாட்டிய தூணுக்குக் கீழே, கம்பிகளால் செய்த ஒரு கூண்டு. கூண்டுக்குள் சிவப்பு உருளைகள் வரிசையாக நின்றன. கூண்டுக்குப் பெரிய பூட்டு. பக்கத்தில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் தொங்கின. மணலில் பீடித் துண்டுகள் நட்டுவைத்தவைபோல் நின்றன. ஒன்றில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள்.

இவற்றைப் பற்றி நான் முன்பே படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். தீயணைப்பான் தீ மூளக்கூடிய இடத்துக்கு அருகிலேயே, கண்ணில் படும்படியாக, யாரும் தடையின்றி எடுக்கும்படியாக இருக்க வேண்டும். எரியும் பொருளுக்கு ஏற்ற வகையாக இருக்க வேண்டும். அதன் கழுத்தில் உள்ள அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். இரும்பைப் பற்றவைக்கும் வேலை நடந்தால், தீயணைப்பானுடன் ஒருவர் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் சிறிது நேரம் நகரக்கூடாது. விதிகள் தெளிவாகவே இருக்கின்றன.

"தின்னர் அந்தக் கோடியில் இருக்கிறது. இவை இந்தக் கோடியில் இருந்தால் எப்படி உதவும்?"

"அவத்தால, கொட்டகைப் பக்கம் வச்சா அடுத்த நாளே கழட்டிட்டு போயிருவாங்க ஐயா. வால்வு பித்தளைங்க. பழைய இரும்புக் கடையில நல்ல வெலை போகுமுங்க."

"பூட்டின் சாவி?"

"வாட்ச்மேன் அண்ணங்கிட்டங்க."

"அவர் எங்கே?"

"டீ குடிக்கப் போயிருக்காருங்க. இப்ப வந்துருவாருங்க. நீங்க உக்காருங்க, உங்களுக்கும் ஒரு டீ சொல்றேனுங்க."

எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' சேர்ப்பது இயல்பு. ஆயினும் என் கேள்வி கூர்மையாகும்தோறும் அவருடைய 'ங்க' பெருகிக்கொண்டே போனதை நான் கவனிக்காமல் இல்லை. கூண்டுக் கம்பிகளுக்கு இடையே குனிந்து பார்த்தேன். அழுத்தமானிகளின் கண்ணாடி மேல் சிமெண்டுத் தூசி அப்பியிருந்தது. முள் தெரியவில்லை. அதற்குப் பிறகும் சிலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் சாவி தேநீர் குடிக்கப் போயிருந்தது.

உருளைகள் வெறுமையானவை, அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காக நிறுத்திவைத்த பொம்மைகள் என்ற முடிவுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எதுத்தாப்பல நிக்கறவங்க எல்லாருமே காப்பியடிச்ச பையன் மாதிரிதாங்க தெரியும்," என்றாள்.

"காப்பியடித்தவர்கள்தாம் அதிகம்."

"நம்ம கல்யாணத்தன்னைக்கும் எங்கப்பாவ அப்படித்தான் பார்த்துட்டு நின்னீங்க."



ஆயுத பூசை வந்தது. முதல்நாள் மாலையே மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடி அழைத்தார். "ஐயா கண்டிப்பா வரோணுமுங்க. பெரியவங்க நின்னாத்தான் பூசைக்கு ஒரு லட்சணமுங்க. அம்மாவ கூட்டிட்டு வர முடியாது, தெரியுமுங்க. பொரியும் சுண்டலும் ஊட்டுக்கு வந்துருமுங்க." இந்த அழைப்புக்கும் உள்நோக்கம் இருக்குமோ என்று நினைத்தேன். என்றாலும் போனேன். அன்றாவது கூண்டு திறந்திருக்கும் என்ற எண்ணம்தான் என்னை இழுத்துச் சென்றது.

திறந்துதான் இருந்தது. கலவை இயந்திரம், கம்பி வெட்டும் பொறி, துளைக்கருவிகள், மண்வெட்டிகள், பாரந்தூக்கியின் கொக்கி என எல்லாவற்றையும் கழுவி, வாழைக்கன்றுக்கு இருபுறமும் நிறுத்தியிருந்தார்கள். தீயணைப்பான்களும் அந்த அணியில் சேர்ந்திருந்தன. தூசி நீங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்த அவற்றின் சிவப்பு உடம்புகள் பளபளத்தன. ஊதுவத்திகளை மணல் வாளியில் செருகியிருந்தார்கள். வாளி பிறவிப் பயன் அடைந்த நாள் அதுவாக இருக்கலாம்.

ஒவ்வொரு கருவிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார் காவலாளி. மேட்டுப்பாளையத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். தீயணைப்பானின் முன் வந்ததும் அவர் விரல் ஒரு கணம் தயங்கியது. உருளை வழவழப்பானது; எங்கே வைப்பது? பிறகு அந்த விரல் தானாகவே அழுத்தமானியை நாடிச் சென்றது. ரூபாய் நாணயம் போல வட்டமாக, நெற்றியைப் போல நடுநாயகமாக, பொட்டு வைப்பதற்கென்றே அளந்து பொருத்தியது போல் இருந்தது அது. வட்டம் முழுவதையும் நிறைத்துச் சந்தனம். அதன் நடுவே குங்குமம். அடுத்தடுத்த உருளைகளுக்கும் அவ்வாறே. நான் முள்ளைப் பார்க்கக் குனிவதற்குள் எல்லாக் கண்களும் மூடிவிட்டன.

பூசை முடிந்தது. பூசணிக்காய் உடைந்தது. பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒவ்வொரு கருவியையும் ஒருமுறை இயக்கிவைத்தார்கள். கலவை இயந்திரம் வெறுமையாக ஒரு சுற்றுச் சுற்றியது. துளைக்கருவிகள் காற்றைத் துளைத்தன. பாரவண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது.

"சிலிண்டர?" என்று காவலாளி கேட்டார்.

"அதும் ஆயுதந்தானுங்க அண்ணா. அத மட்டும் விட்டா கோவிச்சுக்கும்," என்றார் மேற்பார்வையாளர். முதல் உருளையை எடுத்து, ஊசியை உருவி, குழாயின் வாயை வானை நோக்கிப் பிடித்து, பிடியை மெல்ல ஒருமுறை அமுக்கினார். வெண்பொடி புஸ்ஸென்று எழுந்து, ஒரு கை அளவு மேகமாகி, பூசணிக்காயின் மேல் படிந்தது. பெண்கள் சிரித்தார்கள். எல்லா உருளைகளையும் அவ்வாறே பயபக்தியோடு ஒவ்வொரு முறை அமுக்கி, ஊசியைத் திரும்பச் செருகி, கூண்டில் வைத்துப் பூட்டினார்கள்.

நான் வியந்து நின்றேன். அவை பொம்மைகள் அல்ல. உள்ளே சரக்கு இருந்தது. பொரித் தட்டுடன் வீடு திரும்பி மனைவியிடம் சொன்னேன்: "பொடி வந்தது. என் கண்ணால் பார்த்தேன்."

"சாமி புண்ணியம். இன்னைக்காச்சும் தூங்குங்க," என்றாள்.

தூங்கினேன். ஐப்பசி பிறக்கும் வரையிலும் நன்றாகவே தூங்கினேன். பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது என்னை உறுத்தியது இதுதான்: என் ஐயம் தூங்கிய நாள்கள் அவை மட்டுமே.

மழை ஓய்ந்த இடைவெளியில், கட்டடத்தின் கிழக்கேயிருந்த வேலை எங்கள் பக்கத்துக்கு வந்தது. முதல் மாடியில் மாடத்துக்குக் கம்பித் தடுப்பு பற்றவைக்கத் தொடங்கினார்கள். கொட்டகைக்கு நேர் மேலே. நீலச் சுடர் வெடித்து, பொறிகள் தகரக் கூரைமேல் சடசடவென உதிர்ந்து, துள்ளி, சில மதில் ஓரமாகச் சரிந்தன. கை நுழையும் அந்த இடைவெளி அங்கேதான் இருந்தது. மனைவி சன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னாள், கண் கூசுகிறதாம். எனக்குக் கூசியது கண் அல்ல.

உடனே போனேன். பற்றவைப்பவரின் அருகே தீயணைப்பான் இல்லை. காவல் நிற்பவரும் இல்லை. கூண்டுக்குள் உருளைகள் அணிவகுத்து நின்றன. அழுத்தமானிகளின் மேல் சந்தனம் காய்ந்து இறுகி, குங்குமம் கருத்து, மூடிய இமைகள் போல் இருந்தது. எனக்குள் பழைய பேனா நின்றது. ஒன்றிரண்டில் தவறிப் பொட்டு விழுந்திருந்தால் சரி. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், முள் மறையும்படி விழுந்திருக்கிறதே. இது பக்தியா, ஏற்பாடா?

"அந்தச் சந்தனத்தைச் சற்றுத் துடைத்துக் காட்டுங்கள்," என்றேன்.

மேற்பார்வையாளரின் முகம் மாறியது. "ஐயா… சாமிக்கு வச்சதுங்க. நாமளா தொடைக்கக் கூடாதுங்க. அதுவா உதுரட்டுமுங்க."

"அது உதிரும்வரை முள் எங்கே நிற்கிறது என்று யார் அறிவார்?"

"அதான் பூசையன்னைக்கு அமுக்கிப் பார்த்தமுங்களே. புஸ்ஸுனு வந்துச்சு. நீங்களுந்தானுங்க பார்த்தீங்க."

காவலாளி அன்று அதிசயமாக அங்கே இருந்தார். அவரும் சேர்ந்துகொண்டார். "வேண்டாமுங்க சாமி. போன சைட்டுல ஒருத்தன் மிக்சர் மிஷின்ல வச்ச பொட்டத் தொடச்சுப்போட்டான். அடுத்த வாரமே பெல்ட்டு அறுந்துபோச்சுங்க."

"பெல்ட் பழையதா?"

"பழசுதானுங்க. ஆனா அதுவரைக்கும் அறுகலையேங்க."

நானே துடைத்திருக்கலாம். கைக்குட்டையைக்கூட எடுத்தேன். ஆனால் என் புத்தக அலமாரியின் கதவில் சென்ற ஆண்டு வைத்த பொட்டின் சுவடு அப்படியே இருப்பது நினைவுக்கு வந்தது. அதை நானும் துடைத்ததில்லை. எங்கள் வீட்டில் எவரும் துடைத்ததில்லை. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஏதோ மறைக்கிறார்கள், தெய்வத்தையே திரையாகப் பிடிக்கிறார்கள் என்று கொதித்தேன். மனைவி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா கோழி லாரி வச்சிருந்தாருங்களே," என்றாள் கடைசியில். "ஒவ்வொரு பூசைக்கும் நம்பர் பிளேட்டு மேல சந்தனத்த அப்பிப்போடுவாங்க. ரோட்டுல போலீசு புடிச்சா என்ன பண்ணுவாருன்னு நெனைக்கறீங்க? தொடைக்க மாட்டாரு. ஒரு சொம்பு தண்ணி ஊத்திக் கழுவி, புதுசா ஒரு பொட்டு பக்கத்துல வைப்பாரு. சாமிக்கும் ஆச்சு, போலீசுக்கும் ஆச்சு. நீங்க தொடைக்கச் சொன்னா எவன் தொடைப்பான்? கழுவச் சொல்லோணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே சன்னல் வழியாகக் குரல் கொடுத்து மேற்பார்வையாளரை வரவழைத்தாள். அவர் சந்துக்குள் ஒருக்களித்து வந்து, சன்னலுக்கு வெளியே கைகட்டி நின்றார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"கண்ணு, பூசைக்கு வச்ச பொட்டு காஞ்சு கருத்துப்போச்சாமா?"

"ஆமாங்கம்மா. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்குதுங்களே."

"கருத்த பொட்டோட சாமிய நிக்க வைக்கலாமா? ஆகாது கண்ணு. இன்னைக்கு வெள்ளிக்கெழமை. ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி, புதுப்பொட்டு வச்சுப்போடு. ஆனா மூஞ்சியில வைக்காதே. நெஞ்சுல வையி."

"மூஞ்சிங்களா?"

"அந்த வட்டக் கண்ணாடிதான் அதுக்கு மூஞ்சி. மூஞ்சிய மூடிட்டா அது யாரப் பார்த்துக் காப்பாத்தும்?"

அவர் கூண்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரிங்கம்மா," என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி கூடத் தெரிந்தது. எனக்கு அதுவும் ஐயத்தையே தந்தது. இத்தனை எளிதில் ஒப்புக்கொள்கிறவர், நேற்று ஏன் மறுத்தார்?

அவர் பின்னாலேயே போனேன். காவலாளி கூண்டைத் திறந்தார். அவர் மனைவி பித்தளைச் சொம்பில் மஞ்சள் கலந்த நீர் கொண்டுவந்தார். முதல் உருளையை வெளியே எடுத்து நிறுத்தி, கழுத்தின் மேல் நீர் வார்த்தார் காவலாளி. சந்தனம் இளகி, வழிந்து, கண்ணாடி தெளிந்தது. குனிந்தேன்.

முள் சிவப்பில் கிடந்தது. சுழியத்தில் தலை சாய்த்துக் கிடந்தது.

இரண்டாவதைக் கழுவினார்கள். அதிலும் அவ்வாறே. மீதியையும் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். ஒன்றுகூடப் பச்சையில் இல்லை.

நான் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தேன். பிடிபட்டவர்களின் முகங்களை வாழ்நாள் முழுதும் பார்த்தவன். அந்த முகங்களில் முதலில் ஒரு கணக்கு ஓடும், பிறகுதான் அச்சம் வரும். இந்த முகத்தில் கணக்கு ஓடவில்லை. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்துவிட்டவரின் முகமாக இருந்தது.

"பூசைக்கு முந்தின வாரந்தானுங்க ஃபில் பண்ணி வந்துச்சு," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அப்போது கொட்டகையின் கூரையில் பொறிகள் உதிரும் ஓசை கேட்டது. மேலே வேலை தொடங்கிவிட்டிருந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"டேய், வெல்டிங்க நிறுத்து. நிறுத்துடா."

"ஒரு ஜாயிண்ட்டுதான் பாக்கி அண்ணா," என்று மேலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் வேண்டாம். சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுக் கீழ எறங்கு."

சுடர் அணைந்தது. அந்த அமைதியில் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை.

"ஏனுங்க, சாக்கு கருகற வாசம் வருதுங்க."

மேற்பார்வையாளர் கொட்டகையை நோக்கி ஓடினார்; காவலாளி சாவிக்கொத்துடன் பின்னால் ஓடினார். நான் வீட்டை நோக்கி ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. படுக்கையறைக்குள் நுழைந்தபோது அவள் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே மதிலின் இடைவெளியிலிருந்து ஒரு நூல் புகை எழுந்துகொண்டிருந்தது. நடைச்சட்டத்தை அவள் முன் வைத்தேன். எழுந்தாள். ஓர் அடி. மூச்சு வாங்கல். மறு அடி. கட்டிலின் கால், அறையின் நிலை, கூடத்தின் நாற்காலி. அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டு நடந்தபோது என் காதில் ஒரே ஓசைதான் இருந்தது. அப்பால் பூட்டைத் திறக்க முடியாமல் சாவிகள் குலுங்கும் ஓசை.

"இழுக்காதீங்க. இழுத்தா ரெண்டு பேரும் உழுந்துருவோம்," என்றாள்.

வாசற்படியை நாங்கள் இன்னும் எட்டவில்லை. சன்னல் பக்கமிருந்து மேற்பார்வையாளரின் குரல் வந்தது: "அம்மா, அணஞ்சுருச்சுங்க. பயப்படாதீங்கம்மா. ஒரே ஒரு சாக்குங்க."

இடைவெளி வழியாக விழுந்த பொறி ஒன்று சாக்குக் குவியலில் சிக்கிக் கனன்றிருக்கிறது. சுடர் எழுவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். காவலாளியின் மனைவி ஓடிவந்தபோது கையில் இருந்த சொம்பைக் கீழே வைக்க மறந்திருந்தார். அதில் மிச்சமிருந்த மஞ்சள் நீரைத்தான் சாக்கின் மேல் கொட்டினார்கள். பிறகு அதை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். தின்னர் கேன்கள் ஓர் எட்டுத் தொலைவில் நின்றிருந்தன. கூண்டு நிறைய இருந்த தீயணைப்பான்களில் ஒன்றையும் யாரும் தொடவில்லை. தொட்டும் பயன் இல்லை.

அன்று பிற்பகல் உருளைகளுக்குப் பொடி நிரப்பும் கடைக்காரர் வந்தார். முந்திய முறை நிரப்பியவரும் அவரே. குற்றவாளி இவர்தான் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் ஓர் உருளையின் வாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "யாராச்சும் அமுக்கினீங்களா?" என்றார்.

காவலாளி மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

"பூசைக்குங்க," என்றார் மேற்பார்வையாளர், மெல்ல. "ஒருக்காத்தானுங்க. லேசா."

"ஒருக்கா போதுமுங்களே. அமுக்கினா அந்தப் பொடி வால்வோட வாயில ஒட்டிக்கும். அப்பறம் அது சரியா மூடாது. கொஞ்சங்கொஞ்சமா காத்து எறங்கிரும். எத்தன லேசா அமுக்கினாலும் திரும்ப ஃபில் பண்ணித்தான் வைக்கோணும். நீங்க எல்லாத்தையுமா அமுக்கினீங்க?"

"ஒண்ண மட்டும் விட்டா நல்லா இருக்காதுன்னுங்க…"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் தம் தவற்றை மறைக்கவே இக்கதையைச் சொல்கிறார் என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. மறுநாள் காந்திபுரம் வரை பேருந்தில் போய், இத்தொழில் செய்யும் வேறொரு கடையில் கேட்டேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை என்று பேருந்தில் திரும்பும்போது ஒருவாறு ஏற்றுக்கொண்டேன். பூசை நாளில் எழுந்த அந்தக் கை அளவு மேகத்தைக் கண்டுதான் நான் நிம்மதியாக உறங்கினேன். அந்த மேகம்தான் உருளைகளைச் செயலற்றவை ஆக்கியது. அதன்மேல் சந்தனமும் மூடிக்கொண்டதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

மேற்பார்வையாளர் அதன்பின் நான் கேட்காத சிலவற்றையும் செய்தார். தின்னர் கேன்களை மனையின் மறுகோடிக்கு மாற்றினார். மதில் ஓர இடைவெளியைத் தகரம் அறைந்து அடைத்தார். பற்றவைப்பு நடக்கும்போதெல்லாம் காவலாளியின் மனைவி ஓர் உருளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வேலை முடிந்து வெகுநேரம் வரை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கூண்டின் பூட்டு போயிற்று. அத்துடன் ஒரு தீயணைப்பானைக் கொண்டுவந்து, எங்கள் சந்தில், என் மனைவியின் சன்னலுக்குக் கீழேயே மாட்டினார்.

"உங்க பக்கம் இருந்தா எவனும் கழட்ட மாட்டானுங்க ஐயா," என்றார். "நீங்கதான் பார்த்துட்டே இருப்பீங்களே."

இதில் கேலி இருந்ததா என்பதை என்னால் அறுதியிட முடியவில்லை.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாள்தோறும் காலையில் சந்துக்குள் ஒருக்களித்துச் சென்று முள்ளைப் பார்த்துவிட்டு வருவேன். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவ்வாறு போனபோது, குழாயின் வாய்க்குச் சற்று மேலே, சிவப்பு உடம்பில் வெண்பொடி படிந்திருந்ததைக் கண்டேன்.  யாரோ மறுபடியும் அமுக்கியிருக்கிறார்கள்.

"இதைத் தொட்டது யார்?" என்று மதிலுக்கு அப்பால் குரல் கொடுத்தேன்.

காவலாளியின் மனைவி எட்டிப் பார்த்தார். "நானுங்க சாமி. துன்னூறுங்க. அம்மாதான் மூஞ்சியில வைக்காதேன்னு சொன்னாங்க, அதான் நெஞ்சுல வச்சேனுங்க."

"பிடியை அமுக்கவில்லையே?"

"அய்யோ, அதத் தொட்டா நீங்க சும்மா உடுவீங்களா?"

குனிந்து முகர்ந்து பார்த்தேன். திருநீற்றின் மணம்தான். இருந்தாலும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழுத்தமானியைப் பார்த்தேன். சன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பச்சையில இருக்குதுங்களா?"

"இருக்கிறது."

"அப்ப உள்ள வாங்க. பால அடுப்புல வைங்க. நான் எறங்கறேன்."

சாக்கு கருகிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதிய வழக்கம். நான் பாலை அடுப்பில் வைப்பேன். அந்த நொடியில் அவள் கட்டிலிலிருந்து இறங்கத் தொடங்குவாள். பால் பொங்குவதற்குள் வாசற்படியை எட்டிவிட வேண்டும். இதுவரை பால்தான் வென்றுகொண்டிருந்தது. அன்று அவள் அறையின் நிலையையும் நடைச்சட்டத்தையும் பின்னே விட்டு, கூடத்து நாற்காலியைக் கடந்து, என் கையை மட்டும் பற்றிக்கொண்டு வாசற்படியை மிதித்தபோது, அடுக்களையிலிருந்து பால் பொங்கும் ஓசை இன்னும் எழவில்லை.

அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, தீயக் கொறச்சு வச்சீங்களா?"

"இல்லை."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்தபடியே மெல்லத் திரும்பி, அடுக்களை வரை நடந்து, அடுப்பைக் குனிந்து பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.